எழுந்து போகாத கூட்டம்

கரங்கான் தோட்டம்
சுபானு வருடம், வைகாசி 20

நாடக ராணி பிரேமாவதி அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் தம்பி தர்மலிங்கத்தின் மனைவி சீதாலட்சுமி எழுதுவது. நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற சனிக்கிழமை கூலிம் சாலைத் தோட்டத்தில் உங்கள் நாடகம். விளக்குக்கு எண்ணெய் இல்லாத காலம் என்பதால் பகலிலேயே ஆரம்பம் என்று நோட்டீஸ் வந்தது. எனக்குக் காய்ச்சல். அவர் மட்டும் கிளம்பினார். பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து பெட்டியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க அக்கா நாடகம். முன்வரிசைல நான் இல்லேன்னா கோவிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வீட்டுப் பிச்சையம்மாளும் அவள் புருஷன் இருளப்பனும் கூடப் போனார்கள்.

பிச்சையம்மாள் மட்டும் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அவள் சொல்லித்தான் நடந்தது தெரியும். நாடகம் முடிந்து நீங்கள் மங்களம் பாட ஆரம்பித்தீர்கள். மங்களம் பாடும்போது ஒருத்தரும் அசையக்கூடாது, எழுந்து போனால் வீட்டுக்கு ஆகாது என்பது நம் ஜனங்களின் வழக்கம். அழுகிற பிள்ளையைக்கூட வாயைப் பொத்தி வைத்திருப்பார்கள். எல்லோரும் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பின்னால் லோரிகள் வந்து நின்றன. துப்பாக்கியோடு இறங்கிய ஜப்பான்காரர்கள் ஆண்களை மட்டும் பிரித்து ஏற்றினார்கள். கூப்பிய கையைப் பிரிக்காமலே ஏறினவர்களும் உண்டாம். சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்காம். உங்கள் தம்பியும் போய்விட்டார். இருளப்பனும் போய்விட்டார்.

நான் கேட்பது ஒன்றே. உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா, தெரியாதா?

அன்று நீங்கள் ஆடியது நான் எழுதிய 'ராக்காயி வழக்கு'. கங்காணியை எதிர்த்து வழக்குப் போட்ட, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு பால்மரக்காரியின் கதை. தங்கள் கதை என்றுதான் அத்தனை சனம் வந்தது. என் எழுத்தை வலையாக விரித்து என் புருஷனையே பிடித்திருக்கிறார்கள். இனி அந்த நாடகத்தை நீங்கள் ஆடக்கூடாது.

தபாலாபீசில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்கள். ஆகவே மரவள்ளி ஏற்றி வரும் அப்பளசாமி அண்ணன் மாட்டுவண்டியில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

சீதாலட்சுமி


சுங்கை பட்டாணி
10-6-2603

சீதா,

பினாங்கில் என் நாடகத்தைப் பார்த்துவிட்டு, 'கதாநாயகி ஏன் எப்போதும் அழுதே சாகிறாள்?' என்று பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் கிழித்தெறிந்தாயே, அப்போதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. அன்று உன் வீடு தேடி வந்தேன். 'அழாத கதாநாயகியை நீயே எழுதிக் கொடு' என்று கேட்டேன். 'அக்கா' என்று கூப்பிட்டாய். அந்த வாய்தான் இன்று 'நாடக ராணி அம்மாள் அவர்களுக்கு' என்கிறது. ரொம்ப மரியாதை!

தெரியுமா என்று கேட்கிறாய். யாரைப் பார்த்துக் கேட்கிறாய்? அம்மா செத்தபோது அவனுக்குப் பல்லே முளைக்கவில்லை. அவனுக்குப் பால் வாங்க நான் காலில் சலங்கை கட்டினேன். எனக்கு ஆட வயசுமில்லை, ஆசையுமில்லை. அவன் சட்டை போட்டு, படித்து, வாத்தியார் ஆனதெல்லாம் நான் கம்பெனி கம்பெனியாக ஆடிய ஆட்டத்தில். அவனை நான் பிடித்துக் கொடுப்பேனா?

மங்களத்தை எப்போதும் போல் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடினேன், முடிந்ததும் திரை விழுந்தது. உள்ளே போய் முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பெரிய கூச்சல் கேட்டது. சனம் ஆரவாரம் செய்கிறது என்று நினைத்தேன். சீதா, நான் சந்தோஷப்பட்டேன். இந்த வயசிலும் இத்தனை கைதட்டலா என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லிக் காட்டினால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

மறுநாள்தான் நம் கம்பெனி மானேஜர் அய்யாவு விஷயத்தைச் சொன்னார். ஜப்பான்காரன் ஆபீசு வாசலில் வெயிலில் போய் நின்றேன். உள்ளே விடவில்லை. அய்யாவுக்கு அங்கே செல்வாக்கு இருக்கிறது. அவர் போய்ப் பேசிவிட்டு வந்தார். தம்பி சயாமில் சௌக்கியமாக இருக்கிறானாம். படித்தவன் என்று தெரிந்து நிழலில் உட்கார்ந்து எழுதுகிற வேலை கொடுத்திருக்கிறார்களாம். அவனைத் திருப்பி அனுப்பச் சம்மதிக்கிறார்கள். அதற்கு நான் கரங்கானில் ஒரு நாடகம் போட வேண்டும்.

இதே 'ராக்காயி வழக்கு'தான். ஆனால் வெள்ளைக்காரத் துரையை ராக்காயி எட்டி உதைக்கிற மாதிரி ஒரு காட்சி புதிதாக வேண்டுமாம். அதை நீ எழுதித் தா. உன் கோபத்தையெல்லாம் அதில் கொட்டு. தம்பி வீடு வந்து சேருவான்.

உன் அக்கா
பிரேமாவதி


கரங்கான் தோட்டம்
ஆனி 2

பிரேமாவதி அம்மாளுக்கு,

கடிதத்தின் தலையில் 2603 என்று போட்டிருக்கிறீர்கள். அது ஜப்பான்காரன் வருஷம். நோட்டீசில் போட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டுக்குள் அனுப்ப வேண்டாம்.

காட்சி எழுத மாட்டேன்.

கரங்கானில் எதற்கு நாடகம் என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே? கூலிம் சாலையில் எதற்கு நடந்ததோ அதற்குத்தான். இந்த லயத்து வீடுகளில் இன்னும் ஆண்பிள்ளைகள் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களைத் திரட்டி உட்கார வைக்க ஒரு முகம் வேண்டும். அய்யாவு முகத்துக்கு ஒரு நாயும் வராது. அதற்குத்தான் உங்கள் முகம் வேண்டியிருக்கிறது.

அவர் எனக்கு வேண்டாமா? எனக்கு வேண்டும். காலையில் எழுந்து அவர் இருமுகிற சத்தம் கேட்காமல் எனக்கு விடியவே மாட்டேன் என்கிறது. நான் எழுதியதை முதலில் படித்து, 'இந்த இடத்துல பொய் சொல்றே' என்று விரல் வைத்துக் காட்ட ஒரே ஆள் அவர்தான். வயிறு எரிகிறது அக்கா. ஆனால் அவரைத் திரும்ப வாங்க நான் எதிர் லயத்துப் பாப்பாத்தியின் புருஷனைக் கொடுக்க வேண்டும். கோடி வீட்டு மருதம்மாளின் புருஷனைக் கொடுக்க வேண்டும். என் தாலிக்காக அவர்கள் தாலியை அறுக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது?

'ராக்காயி வழக்கு' யாருடைய கதை என்று உங்களுக்கு மறந்திருக்கும். ராக்காயி இங்கேதான் இருக்கிறாள். தினமும் குழாயடியில் பார்க்கிறேன். அவளுக்கும் புருஷன் இருக்கிறான். அவள் கதையைச் சொல்லி அவள் புருஷனையே பிடிக்க வேண்டுமா?

எழுத மாட்டேன். நீங்களும் ஆடாதீர்கள்.

சீதாலட்சுமி


சுங்கை பட்டாணி
22-6-2603

சீதா,

2603 என்றுதான் போடுவேன். என்ன செய்வாய்?

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டேன். புருஷனை விடப் பேனா பெரிசாகப் போய்விட்டது உனக்கு. என் தம்பிக்கு உன்னைக் கட்டி வைத்தது நான். 'கூத்தாடிக் குடும்பத்துல பொண்ணு குடுக்கறதுக்கு அவளப் பாழும் கிணத்துல தள்ளலாம்' என்று உன் அப்பா கதவைச் சாத்தினார். மாலை வாங்கி, ஐயரைக் கூட்டி, என் நகையை உன் கழுத்தில் போட்டு மணவறையில் உட்கார வைத்தேன். படித்த பெண், எழுதுகிற பெண், நம் குடும்பத்துக்கு வரட்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது தெரிகிறது, உனக்குப் பிறத்தியார் புருஷன்மார் எல்லாம் தெரிகிறார்கள், உன் புருஷன் மட்டும் தெரியவில்லை.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு ஆடுகிறது. உனக்கு எப்படி ஆடும்? நீ வந்தவள்தானே.

அந்த லயத்து ஆண்கள் என்றைக்கானாலும் போகத்தான் போகிறார்கள். நான் ஆடாவிட்டால் லோரி வீட்டு வாசலுக்கே வரும். இதை அய்யாவு சொல்லவில்லை, நானே சொல்கிறேன். எப்படியும் நடக்கப் போவதற்கு என் தம்பியாவது கிடைக்கட்டுமே. இது பாவம் என்றால் அந்தப் பாவம் எனக்கு. நீ புண்ணியவதியாக இரு.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கரங்கானில் நாடகம். உன் காட்சி வேண்டாம். துரையை உதைக்க எனக்கு வசனம் எழுதித் தர வேண்டியதில்லை, இந்த நாக்கில் தானாக வரும். வருகிறவர்களுக்குத் தலைக்கு ஒரு டின் அரிசி என்று நோட்டீசில் போட்டாயிற்று. உனக்கு வேண்டுமானால் லயம் லயமாகப் போய், வராதீர்கள் என்று சொல். உன் பேச்சுக்கு வருகிறார்களா, என் பேருக்கு வருகிறார்களா என்று பார்ப்போம்.

பிரேமாவதி


கரங்கான் தோட்டம்
ஆனி 15

அக்கா,

நீங்கள் சவால் விட்டபடியே செய்தேன். தோற்றுப்போனேன். சந்தோஷப்படுங்கள்.

லயம் லயமாகப் போனேன். தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் ராமையா, "மாஸ்டர் சம்சாரத்துக்குப் புருஷன் போன கவலைல புத்தி கலங்கிப்போச்சு, பாவம். அவங்க பேச்சக் கேக்காதீங்க" என்று எனக்கு முன்னாலேயே ஒவ்வொரு வாசலாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பாப்பாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அரிசி வாசன பாத்து எத்தன மாசமாச்சு அக்கா? புள்ளைங்க கெழங்கத் தின்னு தின்னு வயிறு வீங்கிக் கெடக்குதுங்க. ஒரு வாய்க் கஞ்சிக்காவது ஆவும்லா" என்றாள். அவளை நான் என்ன சொல்லித் தடுப்பேன்? என் வீட்டிலா அரிசி இருக்கிறது?

ராக்காயியிடம் போனேன். "பிரேமாவதி அம்மா நம்மளக் காட்டிக் குடுக்குமா? எனக்காக மேடைல நின்னு கங்காணிய அந்தக் கேள்வி கேட்டுச்சே, அதுவா?" என்று சிரித்தாள். மேடையில் கேட்ட கேள்வி நான் எழுதியது என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னாலும் நம்ப மாட்டாள். அவளைப் பொறுத்தவரை அந்த வார்த்தைகள் உங்களுடையவை.

கடைசியில் பிச்சையம்மாளிடம் போனேன். கண்ணெதிரே புருஷனை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவள். அவளுமா போவாள் என்று நினைத்தேன். அவள்தான் முதல் வரிசையில் உட்காரப் போகிறாளாம். "ஊட்டுக்காரரு எங்க இருக்காருன்னு அந்த அம்மாவ நேருக்கு நேரா கேக்கணும். அவங்க பெரியவங்க. கேட்டா சொல்லுவாங்க" என்கிறாள்.

என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்குப் புரிகிறதா? அன்று கூலிம் சாலையில் இவர்கள் துப்பாக்கிக்குப் பயந்து நிற்கவில்லை. துப்பாக்கி வந்ததே பிறகுதான். உங்கள் பாட்டுக்கு மரியாதை கொடுத்து நின்றார்கள். ஓட நேரம் இருந்தும் ஓடவில்லை. இத்தனை மரியாதையை நான் ஒரு மனுஷிக்கும் பார்த்ததில்லை. அதைக் கொண்டுபோய் அய்யாவுக்கு விற்கிறீர்கள்.

லோரி எப்படியும் வரும் என்கிறீர்கள். வரட்டும். வீட்டு வாசலுக்கு வந்தால் பின்கட்டு வழியாகக் காட்டுக்குள் ஓடலாம். பாதிப்பேராவது தப்புவார்கள். உங்கள் முன்னால் கைகூப்பி நிற்கிறவன் எப்படித் தப்புவான்?

நான் வந்தவள்தான். என் சதை ஆடாது என்றீர்கள். அது இருக்கட்டும், அந்தக் கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்வோம். இப்போது சொல்வது இதுதான். என்னால் இவர்களைத் தடுக்க முடியாது. இந்த உலகத்திலேயே இவர்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்பக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அனுப்பினால் அவர் திரும்பி வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

சீதா


கோத்தா கோலா மூடா
சுபானு வருடம், ஆனி 28

சீதா,

உனக்கு இப்போது நிம்மதிதானே? நன்றாகத் தூங்குகிறாயா?

ஞாயிற்றுக்கிழமை நீ கொட்டகைப் பக்கமே வரவில்லை. புருஷனை விலை பேசும் இடத்துக்கு வரமாட்டேன் என்று வீம்பாக உட்கார்ந்திருப்பாய். ஊர் வந்து சொல்லியிருக்கும். ஆனாலும் என் வாயால் நீ கேட்டே தீர வேண்டும்.

முழு வேஷத்தோடு திரைக்குப் பின்னால் நின்றேன். ஆடத்தான் நின்றேன், பொய் சொல்ல மாட்டேன். திரை ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். பார்த்தேன். முன்வரிசையில் ஒருத்தி மடியில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலி. யார் வந்து கேட்டாலும் அந்த இடத்தைத் தரவில்லை. அவள்தான் பிச்சையம்மாள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அவ்வளவு பசியிலும் எல்லோரும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். என் நாடகத்துக்காம்.

அய்யாவு வந்து காதோரமாக, "லோரி வர நேரமாவும். மங்களத்த அவசரப்பட்டுப் பாடிராதீங்க. நாஞ் சைகை காட்டுனதும் பாடுனாப் போதும்" என்றார். அதுவரை எனக்கு மனசு இரண்டாக இருந்தது. அந்த ஆள் மங்களத்துக்கு நேரம் சொன்னதும் ஒன்றாகிவிட்டது. நான் பாடுகிற மங்களத்துக்கு இவன் யார் நேரம் குறிக்க?

பொட்டை அழித்தேன். வளையலைக் கழற்றினேன். விதவை வேஷத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு, திரையை நானே விலக்கி முன்னால் வந்து நின்று மங்களம் பாடினேன். ஒரு காட்சி நடக்கவில்லை, ஒரு பாட்டுப் பாடவில்லை. எடுத்ததும் மங்களம்.

நம் கம்பெனிகளில் ஒரே ஒரு சமயம்தான் அப்படிப் பாடுவோம். நாடகக்காரி வீட்டில் சாவு விழுந்து, ஆட்டத்தை நிறுத்திக் கூட்டத்தை அனுப்புகிறபோது. உனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கைகூப்பினார்கள். பாட்டு முடிகிறவரை ஒருத்தரும் அசையவில்லை. முடிந்ததும் ஒரு கிழவர், "யாரும்மா தவறிட்டது?" என்று கேட்டார்.

"என் தம்பி" என்றேன்.

அவ்வளவுதான் சீதா. சாவு விழுந்த இடத்தில் எவன் நிற்பான்? அரிசிகூடக் கேட்கவில்லை. குளிக்க வேண்டும் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் பால்மரங்களுக்குள் போய்விட்டார்கள். பிச்சையம்மாள் மட்டும் கிட்டே வந்தாள். என்ன கேட்க வந்தாளோ, கேட்கவில்லை. காலி இடத்தில் விரித்திருந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, "மூஞ்சியத் தொடச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். காவலுக்கு இருந்த ஜப்பான்காரர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. லோரிகள் வந்தபோது நாற்காலிகள்தான் இருந்தன.

அய்யாவு என்னை அறைந்தார். நானும் அறைந்தேன். சாமான் ஏற்றுகிற குழப்பத்தில் அப்பளசாமி வண்டியில் கிழங்குச் சாக்குகளுக்கு அடியில் படுத்து இங்கே வந்து சேர்ந்தேன். பாப்பம்மா என்று கருவாடு விற்கிற ஒரு அம்மாள் ஒளித்து வைத்திருக்கிறாள். என் நாடகம் ஒன்றுவிடாமல் பார்த்தவளாம். மேலெல்லாம் கருவாட்டு நாற்றம்.

உன் பேச்சைக் கேட்டு இதைச் செய்தேன். உயிரோடு இருக்கிற தம்பிக்கு என் வாயாலேயே சாவு சொன்னேன். இந்நேரம் ஜப்பான்காரன் அவனைச் சும்மாவா விட்டிருப்பான்? எடுத்து வளர்த்த கையாலேயே கொன்றுவிட்டேன். உன்னை நான் எந்த ஜென்மத்திலும் மன்னிக்க மாட்டேன். பதில் எழுதாதே.

பிரேமாவதி


பாலிங்
ஆடி 24

அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள். அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

நாடகத்துக்கு மறுநாளே லயம் காலியாகிவிட்டது. லோரி வந்தபோது ஆண்கள் யாரும் இல்லை. நானும் பிச்சையம்மாளும் பாலிங்குக்கு வந்து, மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டிருக்கிறோம். முந்தாநாள் இருளப்பன் வந்து சேர்ந்தார். சயாமிலிருந்து தப்பி, சரக்கு ரயிலில் ஒளிந்தும் காட்டு வழியில் நடந்தும் வந்திருக்கிறார். எல்லை தாண்டிக் கரங்கானுக்குப் போகிற வழியில் பாலிங் பாசாரில் நின்றிருக்கிறார். கிழங்கு விற்கப் போன பிச்சையம்மாளுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாத்தியாரு போன ஒடனே படுத்துட்டாரு தங்கச்சி. வாந்தியும் பேதியும். வைகாசி முடியல, முடிஞ்சுபோச்சு. நாந்தான் பொதைச்சேன். நெழல்ல உக்கார வச்சு எழுதுற வேலையா? யாரு சொன்னா? எல்லாருக்கும் மண்வெட்டிதான்."

வைகாசி முடியவில்லை அக்கா. அப்படியானால் அய்யாவு உங்களிடம் பேரம் பேசியபோதே அவர் இல்லை. அல்லது அன்றோ மறுநாளோ போயிருக்கிறார். நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த இந்த ஆனி மாதம் முழுவதும் அவர் மண்ணுக்குள் இருந்திருக்கிறார். செத்தவரைக் காட்டி உங்களிடம் ஒரு தோட்டத்தையே கேட்டிருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு அழுகை வரவில்லை. கையில் எதையாவது எடுத்து யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆகவே உங்கள் வாய் அவரைக் கொல்லவில்லை. அன்று மேடையில் நீங்கள் சொன்னது நிஜம். அந்தச் சனம் குளித்ததும் அவருக்காகத்தான். வேறு யாரும் அவருக்குத் தலை முழுகவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கூலிம் சாலைக்கு அவர் உங்களைப் பார்க்கத்தான் போனார். அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. நீங்களும் என்னை மன்னிக்க மாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். நல்லது, யாரும் யாரையும் மன்னிக்க வேண்டாம்.

ஆனால் அவருக்குக் காரியம் செய்ய வேண்டும். அவருக்கென்று இருப்பது நீங்களும் நானும்தான். சின்ன வயசில் அவர் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் எப்படி இருந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. தனியாக உட்கார்ந்து அழுதால் பாதி மனுஷனுக்குத்தான் அழ முடிகிறது.

அப்பளசாமி அண்ணன் வண்டியிலேயே ஏறி வாருங்கள். சாக்குகளுக்கு அடியில் படுத்து வர இப்போது நன்றாகத் தெரிந்திருக்குமே. வண்டி வெறுமனே திரும்பி வந்தால் நானே இறங்கி வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். கருவாட்டு நாற்றம் எனக்குப் பெரிசில்லை.

சீதா